சிவப்பு வராத வீடு

1

இன்று காலை என் கைபேசி எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னது. "வாழ்த்துகள்! உங்கள் வீடு சூரியனோடு வாழத் தொடங்கி ஓராண்டு நிறைந்தது!" என்று ஜெர்மன் மொழியில் ஒரு வரி. மேலே பலூன்கள். கீழே, இந்த ஓராண்டில் நான் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் மரங்கள் வரிசையாக நின்று கையசைத்தன. அந்த நேரத்தில் நான் கோடரியும் கையுமாகத் தோட்டத்தில் நின்று, வரப்போகும் குளிர்காலத்துக்காக ஒரு மரத்தைப் பிளந்துகொண்டிருந்தேன். பாவம், அந்தச் செயலிக்கு இது தெரியாது.

மொட்டைமாடி என்றது இங்கே என் தலைக்கு மேல் இருப்பதை அல்ல. நான் குடியிருப்பது தெற்கு ஜெர்மனியில் ஒரு சிற்றூர். வாழ்த்துப் பெற்ற மாடி மேலகரத்தில் இருக்கிறது. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடந்துபோகிற ஊர் அது. மாடியின் மேலே நான் போட்ட சூரியத் தகடுகள் இருக்கின்றன. கீழே என் அம்மா இருக்கிறாள், தனியாக. தகடுகளுக்கு வந்த வாழ்த்து அம்மாவுக்கு வந்ததே கிடையாது. அவளுடைய பிறந்தநாள் யாருக்கும் தெரியாது. கேட்டால், "பெரிய மழை பெஞ்ச வருசம்"பாள். குற்றாலத்துக்குப் பக்கத்தில் எந்த வருடம்தான் பெரிய மழை பெய்யவில்லை?

பலூன்களைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதையும் சிரித்தே தட்டிக்கழிக்கிறவன் என்று ஊரிலும் இங்கேயும் பெயர் வாங்கியவன், கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டு விறகுக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

2

இங்கே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அங்கே நான் செய்ததன் அழகு விளங்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் இந்த நாட்டில் எரிவாயு விலை திடீரென்று ஏறியது. கட்டணச் சீட்டைப் பார்த்த என் மனைவி கோமதி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் புளியங்குடிக்காரி. அவள் அப்பாவுக்கு எலுமிச்சை கமிஷன் மண்டி. விலை ஏறுவதும் இறங்குவதும் அவளுக்குப் புதிதல்ல. "ஒரே மாசத்துல இப்படி ஏறுனா எங்க மண்டியில லாரியத் திருப்பி விட்டுருவாவ," என்றாள். எங்களிடம் திருப்ப லாரி இல்லை. சுவரிலிருந்த வெப்பக் குழாயின் குமிழ் இருந்தது. அதைத் திருகி மூடினோம். வீட்டுக்குள் குல்லாயும் கம்பளிச் சட்டையுமாக, ஊட்டிக்கு வந்து பேருந்தைத் தவறவிட்ட குடும்பம்போல உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் குளிரில் எனக்கு ஞானம் பிறந்தது. இனி என் வீட்டுக்கு வேண்டிய சூட்டையும் மின்சாரத்தையும் நானே உண்டாக்குவேன். கூரையில் தகடுகள் ஏறின. நிலவறையில் குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஒரு மின்கலம் வந்து உட்கார்ந்தது. கூடத்தில் இரும்பில் ஒரு விறகு அடுப்பு. இந்த மூன்றையும் ஆள்பவனாக, எரிசக்தித் துறை அமைச்சராக, நானே பதவியேற்றுக்கொண்டேன்.

அடுப்பு வந்தது ஐப்பசியில். அதைப் பற்றவைக்க அனுமதி வந்தது தை மாதத்தில். இந்த நாட்டில் புகைபோக்கிக்கென்று ஓர் ஆய்வாளர் உண்டு. தலை முதல் கால் வரை கறுப்பு உடுப்பு. அவரைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று மக்கள் நம்புகிறார்கள். அதிர்ஷ்டம் கிடைக்கிறதோ இல்லையோ, அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு தீக்குச்சி கிழிக்க முடியாது. சுவருக்கும் அடுப்புக்கும் எத்தனை இடைவெளி என்று அளந்தார். விறகில் ஊசிபோல ஒரு கருவியைக் குத்தி ஈரம் பார்த்தார். கடைசியில் தலையாட்டினார். அடுப்பு எரிந்தது, கூடம் வேர்த்தது. அவரை மகிழ்விக்க எண்ணி, "எனக்கு நல்ல சூடாக இருக்கிறது" என்று ஜெர்மன் மொழியில் சொன்னேன். அந்த வாக்கியத்தில் ஒரு சின்ன உருபு உண்டு. அது தவறினால், "நான் உங்கள்மேல் ஆசையில் கொதிக்கிறேன்" என்கிற பக்கமாகப் பொருள் போய்விடும். தவறவிட்டேன். அந்தப் பெரிய மனிதர் கோமதியைப் பார்த்தார். கோமதி சமையலறைக்குள் போய்விட்டாள். எங்கள் மகள்தான் வந்து காப்பாற்றினாள்.

மகளுக்குத் தென்றல் என்று பெயர். தென்காசிக் காற்றை நினைத்து வைத்தது. பள்ளிக்கூடத்தில் அது டென்னி ஆகிவிட்டது. இப்போது "தென்றல்" என்று கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று பேசாமல் இருந்துவிடுகிறாள்.

நான் விறகு பிளக்கிற காட்சியை ஒருநாள் வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஏலே, இம்புட்டுப் படிச்சு, பிளேன் ஏறிப் போயி, அங்கன வெறகா பொளக்கே?"

"கேஸ் வெல கூடிப்போச்சும்மா."

"அதுக்கு இங்கனயே இருந்து பொளந்திருக்கலாம்லா?"

கோமதி பின்னாலிருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். தப்பிக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

3

அம்மாவின் மின்கட்டணம் ஒன்றும் பெரிதல்ல. ஒரு விசிறி, ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு டிவி, இட்லி மாவுக்குக் கிரைண்டர். அவளுக்குத் தகடுகள் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, ஊரில் யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் வேண்டியிருந்தது. அப்பா போனபின் அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஓர் அரிப்பு. கூட இருப்பது என்கிற ஒன்றைத் தவிர வேறு எதைச் செய்யவும் தயாராக இருந்தேன்.

போன வருடம் ஈஸ்டர் விடுமுறையில் போனோம். எங்களுக்கு டிக்கெட் தோதுப்படுவது அப்போதுதான். பல வருடங்களாகவே நான் பார்க்கிற மேலகரம் பங்குனி, சித்திரை மேலகரம்தான். தார் இளகுகிற வெயில். செருப்பில்லாமல் மாடியில் கால் வைத்தவன் ஆடிக்கொண்டே இறங்குவான். அந்த வெயிலைப் பார்க்கப் பார்க்க எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இங்கே நாங்கள் கூரையில் கடுகளவு வெயிலுக்குத் தவமிருக்க, அங்கே அது மாடியில் கொட்டிக் கிடந்து வீணாகிறதே!

தகடுகள் போட்டேன். சின்னதாக ஒரு மின்கலம். குளிக்கும் தண்ணீருக்குச் சூரியச் சூட்டில் காயும் ஒரு தொட்டி. வெயில் இல்லாத நாளுக்கு அந்தத் தொட்டிக்குள் மின்சாரத்தில் சுடுகிற ஹீட்டர், அதற்குக் குளியலறை வாசலில் ஒரு சுவிட்ச். எல்லாவற்றுக்கும் மேலாக, என் கைபேசியில் படம். வீடு தன் சொந்த மின்சாரத்தில் ஓடினால் கோடு பச்சை. வெளியே கம்பியிலிருந்து எடுத்தால் சிவப்பு.

"நம்ம வீட்டுல லைட்டு போட்டா ஒனக்கு அங்கன தெரியுமா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியும்மா. எல்லாம் தெரியும்."

"ஆத்தாடி," என்றாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

கொல்லையில் செங்கல் வைத்துக் கட்டிய ஒரு வெந்நீர் அடுப்பு இருந்தது. தென்னை மட்டையும், தேங்காய் உரித்த கதம்பையும் போட்டு எரிப்பாள். மேலே ஒரு செப்புத் தவலை. அடுப்பு இருந்த இடத்தில்தான் புதுத் தொட்டியின் குழாய் இறங்க வேண்டியிருந்தது. இடித்தேன். "புகை நெஞ்சுக்கு ஆகாதும்மா, இந்தக் காலத்துல யாராவது வெறகு எரிப்பாங்களா?" என்று கேட்டது நான்தான். இங்கே ஒரு கூடம் நிறைய விறகு அடுக்கி வைத்திருக்கும் அதே நான்.

தவலையை என்ன செய்தேன் தெரியுமா? புளி போட்டுத் தேய்த்துப் பெட்டியில் வைத்து ஜெர்மனிக்குக் கொண்டுவந்துவிட்டேன். எடைக்காகக் கோமதி எலுமிச்சை ஊறுகாயையும் முறுக்கையும் எடுத்து வெளியே வைக்க வேண்டியிருந்தது. அதை இன்றுவரை அவள் மன்னிக்கவில்லை. தவலை இப்போது என் இரும்பு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, சிராய்களைச் சுமந்துகொண்டு. வருகிறவர்கள் எல்லாரும் அழகு என்கிறார்கள். புகைபோக்கி ஆய்வாளர்கூட ஒருமுறை குனிந்து தட்டிப் பார்த்தார்.

மாடியில் எல்லாம் தயார். ஆனால் இணைப்பு கிடைக்கவில்லை. வீட்டுப் பத்திரம் அப்பா பேரில், மின் இணைப்பு தாத்தா பேரில். செத்தவர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வரவில்லை. பேர் மாற்றி, வாரிசுச் சான்று வாங்கி, புது மீட்டர் வந்து வீடு "சூரியனோடு வாழத் தொடங்கிய" நாளில் ஆனி பிறந்துவிட்டது. அன்றைக்குத்தான் சாரலும் தொடங்கியது.

4

குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன் சாரலை மறப்பானா? மறந்தேன். சென்னைக்காரன் மறக்கலாம், மதுரைக்காரன் மறக்கலாம். ஆனியிலும் ஆடியிலும் மலை கண்ணுக்குத் தெரியாமல் மேகத்துக்குள் போய்விடும், துணி நாள்கணக்கில் காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஐந்தருவியில் நடுங்கி நடுங்கிக் குளித்தவன்தானே? பல வருடங்களாகச் சித்திரையிலேயே போய்ச் சித்திரையிலேயே திரும்பியதில், என் ஊருக்கு ஒரே ஒரு மாதம்தான் என்று மூளை முடிவுகட்டிவிட்டது.

கைபேசியில் முதல் வாரமே கோடு சிவப்பாக எழும்பியது. அமைச்சருக்குக் கோபம் வந்தது. அலுவலகத்தில் மதிய இடைவேளையில் கூப்பிட்டேன்.

"எம்மா, நேத்து சாயங்காலம் என்ன போட்ட? சிவப்பு எகிறிக் கிடக்கு."

"கிரைண்டர் போட்டேன்யா. மாவு தீந்துபோச்சு."

"மத்தியானம் கொஞ்சம் வெளிச்சம் இருந்துச்சுல்லா, அப்ப ஆட்டியிருக்கலாம்லா?"

"மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

"கண்ணசர வேண்டாம்னு சொல்லலம்மா. ஆட்டிட்டுக் கண்ணசரு."

மறுநாள் மறுபடியும். "காலையில என்ன அது, மல மாதிரி ஏறியிருக்கு?" "குளிக்கதுக்கு அந்த சுவிச்சப் போட்டேன்." "அது ரொம்ப இழுக்கும்மா. வெயில் வந்தபொறவு குளியேன்." "வெயில் எங்கன இருக்கு?" "வரும்மா, வரும். பொறுத்துப் பாரு."

ஜெர்மனியிலிருந்து மேலகரத்து வானிலையை நான் அறிவித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கோடு மெல்ல மெல்லப் பச்சையாயிற்று. சாரலில் எப்படிப் பச்சை என்று நான் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது, அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள் என்று. பச்சையாக இருக்கும்போது கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. அவள் எழுந்தது தெரிகிறது, விளக்குப் போட்டது தெரிகிறது, விசிறியை நிறுத்தியது தெரிகிறது. வேறு என்ன கேட்பதற்கு இருக்கிறது? என் தொலைபேசி அழைப்புகளும் மின்சாரத்தோடு சேர்ந்து மிச்சமாயின.

எங்கள் சிற்றூரில் சொந்த மின்சாரம் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மாதம் ஒருமுறை கூடி, மின்கலங்களைப் பற்றிப் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவோம். அங்கே என்னை உரையாற்றச் சொன்னார்கள். திரையில் அம்மா வீட்டுப் படத்தைப் போட்டேன். மழைக்காலத்திலும் வெளியிலிருந்து மின்சாரமே எடுக்காத ஒரு மூதாட்டி! எல்லாரும் கைதட்டினார்கள். உங்கள் தாயார் எப்படிச் சாதித்தார் என்று ஒருவர் கேட்டார். "கட்டுப்பாடு" என்றேன், அம்மாவுக்கு நானே கற்றுக்கொடுத்ததுபோல. அந்தப் படத்தைச் சங்கத்து இணையப் பக்கத்தில் இன்னும் வைத்திருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. எழுதினால் காரணம் சொல்ல வேண்டும்.

5

ஆடியில் ஒரு சனிக்கிழமை காலை, கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. பச்சைதான். ஆனால் இதுவரை காணாத பச்சை. விளக்கு இல்லை, விசிறி இல்லை, குளிர்சாதனப் பெட்டிகூட இல்லை. முந்தைய நாளும் அப்படியே. நான் எழுந்து நின்று கோமதியைக் கூப்பிட்டேன்.

"இங்க பாரு, எங்கம்மா எங்க போயிட்டான்னு!"

படத்தைச் சங்கத்தின் குழுவுக்கு அனுப்பினேன். உடனே கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. தென்றல் ரொட்டியைக் கடித்தபடி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளுடைய தமிழ், நனைந்த பட்டாசு மாதிரி. வெடிக்குமா வெடிக்காதா என்று காத்திருக்க வேண்டும்.

"அப்பா, ஆச்சி வீட்டுல இல்லியா?"

"வீட்டுலதான் இருக்கா. எவ்வளவு சிக்கனமா இருக்கா பாரு."

"இல்ல. ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு மிச்ச ரொட்டியோடு மாடிக்குப் போய்விட்டாள். அம்மாவின் எண்ணுக்குப் போட்டேன். எடுத்தது செல்வி மயினி. பெரியப்பா மகன் மனைவி, எங்களுக்கு அடுத்த வீடு.

"யாரு, தம்பியா? அத்தை தூங்குதாவ."

"எங்க தூங்குதா, மயினி?"

பின்னால் யாரோ மருந்துச் சீட்டைக் கேட்டார்கள்.

"தென்காசியில ஆஸ்பத்திரியில தம்பி. பயந்துராதிய. நெஞ்சுல சளி கட்டிக்கிட்டு, மூச்சு இழுத்துப்போச்சு. இப்ப பரவால்ல, கஞ்சி குடிச்சாவ. ஒங்ககிட்டச் சொல்லப்புடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாவ."

"நான் தெனமும் பாத்துக்கிட்டுதான இருந்தேன், மயினி."

"எத?"

"படத்த."

"படத்துல இருமலு கேக்குமா தம்பி?"

போனை வைத்துவிட்டு, முதல் வேலையாகச் சங்கத்தின் குழுவுக்கு அனுப்பிய படத்தை அழிக்கப் போனேன். அதற்குள் ஒருவர், "உங்கள் தாயாருக்கு எங்கள் வணக்கம்" என்று எழுதியிருந்தார்.

6

திருவனந்தபுரத்தில் இறங்கிச் செங்கோட்டை வழியாக வந்தேன். ஆரியங்காவு தாண்டியதும் சாரல் காரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. "சீசன் நல்லாருக்கு சார்," என்றார் ஓட்டுநர். பார்த்தேன். வானத்தில் சூரியன் இருந்ததற்கான அடையாளமே இல்லை.

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போன சித்திரையில் பார்த்ததற்குப் பாதியாக இருந்தாள்.

"வேலையப் போட்டுட்டா வந்தே? இந்தச் செல்விக்கு வாயில ஒண்ணு தங்காது."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ என்ன செய்வே? அங்கன இருந்து ஊதுவியா?" இருமினாள். இருமல் அடங்கும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நல்ல சேதி சொல்வதுபோலக் கேட்டாள். "வரும்போது ஃபிரிட்ஜையும் அமத்திட்டுத்தான் வந்தேன். படம் நல்லா பச்சையா இருந்திருக்குமே?"

நான் சட்டைப்பையைத் தடவி, இல்லாத எதையோ தேடினேன்.

நடந்ததைச் செல்வி மயினி ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னாள். அவளுக்கு என்மேல் கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. இரண்டில் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் எடுத்தாள்.

"ஒங்க வீட்டுப் பச்சை பூராவும் எங்க வீட்டு மீட்டர்லலா ஓடிச்சு! மாவு ஆட்டணுமா, கிரைண்டர் எங்க வீட்டுல. டிவி எங்க வீட்டுல. போன் சார்ஜும் எங்க வீட்டுல. 'செவப்பு வந்தா எம் மவன் வருத்தப்படுதான் செல்வி'ங்காவ. ஒங்க அண்ணன் கரண்டு பில்லப் பாத்துட்டு, போலீஸ்ல இருந்து ரிட்டயரானத மறந்து வீட்டுக்குள்ளயே விசாரணைய ஆரம்பிச்சிட்டாவ."

"குளிக்கதுக்கு?"

மயினியின் சிரிப்பு நின்றது.

"அதான் தம்பி. 'வெந்நி எங்க வீட்டுலயே எடுத்துக்கோங்கத்தே'ன்னு எத்தன நாள் சொல்லியிருப்பேன்! மாவாட்ட வருவாவளாம், குளிக்கத் தண்ணிக்கு இன்னொரு வீட்டு நடை ஏற மாட்டாவளாம். சாரல்ல, பச்சத் தண்ணி. அந்த அடுப்பையாவது நீங்க விட்டு வச்சிருக்கலாம்."

மழைக்கும் காற்றுக்கும் நடுவில் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, வழியில் எங்கோ மரக்கிளை முறிந்து கம்பி மேல் விழுந்து மின்சாரம் நின்றுபோயிருந்தது. மாடியில் என் தகடுகள் மழையில் குளித்துக்கொண்டிருந்தன. அந்தச் சின்ன மின்கலம் ஒரு விளக்கை எரிக்கும், ஹீட்டரைத் தாங்காது. அம்மாவுக்கு உடம்பு துடைக்க வெந்நீர் வேண்டும். சமையலறையில் கேஸ் அடுப்பு இருந்தது, ஒரு செம்புத் தண்ணீரை அதில் காயவைத்திருக்கலாம். எனக்கு அது போதுமா? இடித்தவனே கட்ட வேண்டும் என்று ஒரு வீராப்பு. கொல்லைத் தாழ்வாரத்தில் மூன்று செங்கல்லைக் கூட்டி, அலுமினியப் பானையை ஏற்றினேன்.

ஜெர்மனியில் நான் அடுப்புப் பற்றவைப்பதைப் பார்க்க விருந்தாளிகளைக் கூப்பிடுவேன். அடியில் சிராய், மேலே பிளந்த கட்டை, ஒரே தீக்குச்சி. இங்கே கதம்பை சாரலில் ஊறிக் கிடந்தது. தீக்குச்சிகள் உரசிய இடத்திலேயே கரைந்தன. ஊதினேன். புகை வந்தது. இன்னும் ஊதினேன். இன்னும் புகை வந்தது, எனக்குள்ளும் போனது. அந்த ஈரம் பார்க்கிற ஊசியை இதில் குத்தியிருந்தால் ஆய்வாளர் என்னைச் சிறையில் போட்டிருப்பார். கண்ணீரும் மூக்குமாக நிமிர்ந்தபோது மயினி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செருமனியில நீங்க என்னத்தத்தான் எரிச்சிய?"

உள்ளே கட்டிலிலிருந்து அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பு இருமலானது. நான் எழுந்தேன். வாளியை எடுத்துக்கொண்டு மயினி வீட்டு நடை ஏறினேன். அவள் காயவைத்திருந்த வெந்நீரை வாங்கி, தெருவில் நாலு பேர் பார்க்க, சாரலில் நனைந்துகொண்டே தூக்கிவந்தேன். தெருக்கோடியில் ஓர் அண்ணாச்சி குடையை உயர்த்தி, "என்ன மாப்ள, மேல சோலாரு, கீழ வாளியா?" என்று விசாரித்தார்.

அம்மா வெந்நீரில் விரலை வைத்துப் பார்த்தாள். "செல்வி வீட்டுதா?"

"ஆமா."

"நீ எதுக்குலே அங்கன போயி நின்னே?"

"நான் மானம் கெட்டவன்மா. எனக்குப் பரவாயில்ல."

அவள் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். துண்டை நனைத்துப் பிழிந்து துடைத்துவிட்டேன். மெலிந்த முதுகு. வெந்நீர் பட்டதும் தோள்கள் மெல்ல இறங்கின. இந்த முதுகு குளிர்ந்தது எந்தக் கோட்டில் பதிவாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் புதுச் சட்டம் போட்டேன். சாரல் நாளில் காலையில் எழுந்ததும் அந்தச் சுவிட்சைப் போட வேண்டும். சிவப்பு வர வேண்டும். வராவிட்டால்தான் ஏசுவேன்.

"போன மாசம் செவப்பு வரப்புடாதுன்னே. இப்ப வரணுங்கே. நல்லாருக்குலே ஒன் சட்டம்."

"அந்தத் தவலையக் கொண்டுவந்து தாரேன்மா. அடுப்பு திரும்பக் கட்டிருவோம்."

"கெடக்கு போ. இங்கன அது வெறகு மேல இருந்துச்சு, அங்கன வெறகு அதுக்குள்ள இருக்கு. அம்புட்டுதான?" என்றாள். பிறகு, கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "செவப்பு வந்தா கூப்புடுவே. கூப்புட்டு ஏசுவே. இருந்தாலும் கூப்புடுவே. பச்சைன்னா அதுவும் கெடையாது."

7

இந்த ஆனியிலும் சாரல் தொடங்கிவிட்டது. தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் கோடு சிவப்பாக எழும்புகிறது. சிவப்பைக் கண்டதும் நான் கூப்பிடுகிறேன். "குளிச்சியாம்மா?" "குளிச்சேன்யா." கோமதியும் இரண்டு வார்த்தை பேசுவாள். தென்றல் தூரத்திலிருந்து "ஹலோ ஆச்சி" என்று கத்துவாள். கத்திவிட்டு ஓடாமல் கொஞ்சநேரம் நிற்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நினைப்பதில் நான் கெட்டிக்காரன்.

போன வாரம் செல்வி மயினி பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். "அத்தை காலம்பற அந்தச் சுவிச்சப் போடுதாவ. கொஞ்ச நேரத்துல அமத்திருதாவ. 'அவனுக்கு செவப்பு தெரிஞ்சிருக்கும், போதும்'ங்காவ."

"அப்ப குளிக்கது?"

"அத நான் எட்டியா பாக்க முடியும்?" என்றாள். பிறகு சிரித்தாள். "சும்மா சொன்னேன் தம்பி, வெந்நியிலதான் குளிக்காவளா இருக்கும்." மயினி வேடிக்கைக்குச் சொல்வது எது, வேடிக்கைபோலச் சொல்வது எது என்று எனக்கு என்றைக்குமே பிரித்துத் தெரிந்ததில்லை. அந்த வித்தையில் நானும் பழைய கை என்பதால் பயம் கூடுதல்.

இன்று காலை பலூன்கள் மிதந்து முடிந்ததும் அவற்றின் அடியில் மேலகரத்துக் கோடு தெரிந்தது. அங்கே காலை வெகுவாக ஏறியிருந்தது. சிவப்பு எழும்பியிருந்தது, நான் சொல்லிக்கொடுத்தபடியே. விறகுக் குவியல் மேல் உட்கார்ந்தபடி கூப்பிட்டேன். பின்னணியில் மழை தகரத்தில் விழும் சத்தம்.

"எம்மா, குளிச்சியா?"

"குளிச்சேன். செவப்பு வந்துச்சுல்லா?"

"வந்துச்சு. தண்ணி சுட்டுச்சா?"

"சுட்டுச்சுய்யா."

"நெசமா வெந்நிதானா? சுவிச்ச உடனே அமத்திரலியே?"

அம்மாவின் குரலில் கோபம் இல்லை. அவளும் வேடிக்கைதான் செய்தாள்.

"வெந்நிதாம்லே. நம்பிக்க இல்லன்னா வந்து தொட்டுப் பாரு."

வைத்துவிட்டாள். நான் கைபேசியில் அந்தச் சிவப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.